எத்தனை டம்ளர்

ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள்
என்று கேட்டாள் அந்தப் பெண்.
பெரியாஸ்பத்திரி வராண்டா,
மின்விசிறிக்கு எட்டாத பெஞ்சு.
மடியில் அட்டை, அட்டையில் பதினோரு பக்கம்,
முதல் பக்கத்தில் ஒச்சம்மாள், வயது 43.

இப்பவா, அப்பவா என்றேன்.
அப்ப.

அப்ப, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை,
மூன்றாம் மாடி, பூனம் செக்‌ஷன்.
காலை ஒன்பதரைக்கு ஏறினால்
இரவு பத்துக்கு இறக்கம்.
கக்கூஸ் சாவி சூப்பர்வைசர் இடுப்பில்.
போகும்போது நோட்டில் நேரம் எழுதணும்,
வந்ததும் எழுதணும்,
ஒன்றிலிருந்து ஒன்றை அவர் கழித்துப் பார்ப்பார்.
தீபாவளிக் கூட்டத்தில் அந்த நோட்டும் கிடையாது.

ஒன்று, என்றேன். மாத்திரை போடுகிற நாளில் ரெண்டு.

உப்பு? கிராம் கணக்கில்?

விடியலில் பழைய சோறும் ஊறுகாயும்.
மத்தியானத்துக்கு டப்பாவில் கருவாட்டுத் தொக்கு,
சாப்பாட்டுக்கு விட மூணரை ஆகும்,
அதுவரைக்கும் கெடாதது அது ஒன்றுதான்.
சந்து முனையில் மாங்காய்க் கீற்று,
நின்றுகொண்டே.
மாசம் பிறந்தால் உசிலம்பட்டியிலிருந்து
அம்மா கொடுத்துவிடும் உப்புக்கண்டம்.
கிராம் தெரியாது தாயி,
எனக்கு மீட்டர்தான் தெரியும்.

சிரித்துவிட்டு
‘மிக அதிகம்’ கட்டத்தில் டிக் அடித்தாள்.

இடது கிட்னியை எடுத்த டாக்டரிடம்
நானும் கேட்டிருந்தேன்,
உப்பாலயா சார், தண்ணி குடிக்காததாலயா?
இருக்கலாம் என்றார்.
இல்லாமலும் இருக்கலாம்,
அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்.
யாரையாவது திட்டலாம் என்று போனவள்
ஸ்கேன் கவரை மடக்கி
மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிப்பார் என்பார்கள்.
தின்றேன்.
குடிக்கத்தான் வழியில்லை.

இப்போது கோடு போட்ட பாட்டில்,
பத்து மணிக்கு இந்தக் கோடு, ஒரு மணிக்கு அந்தக் கோடு.
மிச்சம் இருப்பது ஒன்று,
அதை விருந்தாளி மாதிரி கவனிக்கிறேன்.

பதினோராம் பக்கம்:
வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?
ரெண்டே ரெண்டு வரி இடம்.
சாவின்னு எழுதிக்க என்றேன்.
என்ன சாவிக்கா?

பதில் சொல்லப் போனேன்.
அவள் பை ஓரத்தில் ஒரு பாட்டில்,
மூடியில் சீல் உடையவில்லை.
மணி ரெண்டே கால்.
காலை மாற்றிப் போட்டுக்கொண்டு
குரலை இறக்கிக் கேட்டாள்,
இங்க லேடீஸ் பாத்ரூம் எந்தப் பக்கம்க்கா?

ரெண்டாவது திருப்பம், இடது கைப் பக்கம்.
பூட்டியிருக்கும்.