அகலும் அலை

நடந்தேதான் உள்ளே வந்தான் எலியேசர்.
"ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகும்."
நாக்கு அண்ணத்தில் ஒட்டி
சொற்கள் உமியாய் உதிர்ந்தன.

விளக்கைக் கண்ணருகே கொண்டுபோனேன்,
விரிந்த கருமணி சுருங்கவில்லை.
தோல் சுட்டது, ஒரு துளி வியர்வை இல்லை.
நாடி நூற்று முப்பத்தாறு.

"எதை விழுங்கினாய்? எப்போது?"
சுவரைப் பார்த்தான்.
தங்கை நினோஸ்காதான் சொன்னாள்:
மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்தது,
பழைய வகை மாத்திரை.
"உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன்,
வாந்தி வரட்டும் என்று. குடிக்கவில்லை."
நல்லதாய்ப் போயிற்று என்றேன்.
அட்டைகளை எடுத்து வா, காலியானதையும் சேர்த்து.

வெளியே மகெல்லன் நீரிணைக் காற்று.
ஆளைத் தூக்கும் நாட்களில்
பூந்தா அரேனாஸ் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துப் போனாள்,
அதைப் பிடித்தே திரும்பினாள்.

அதற்குள் இ.சி.ஜி. தாள் வந்துவிட்டது.
முள்ளாய் நிற்க வேண்டிய அலை
பெஞ்சில் குடிகாரனைப் போல
கால் பரப்பி உட்கார்ந்திருந்தது.
அவனோ நண்டுப் படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.
தாள் அவனை நம்பவில்லை.
டாக்டர் ஓயார்சுனும் நம்பவில்லை.
ஒரு கையில் சாந்தியாகோ நச்சு மையத்தின் போன்,
மறு கை அவன் மணிக்கட்டில்.

இரண்டே காலுக்கு வலிப்பு.
ஊசி. மூச்சுக்குழாய். கட்டிலின் கம்பி அதிரும் ஓசை.
பிறகு நரம்பு வழியே
சோடியம் பைகார்பனேட்.
அதுவும் ஒரு உப்புதான் நினோஸ்கா,
கேக் மாவில் நீ போடுவதன் சுத்தமான உருவம்.
வாசல் மட்டும் வேறு.

தாள் ஓடியது. இன்னொரு தாள்.
நாலு மணிக்கு அலை
மெல்லக் காலை மடக்கியது.
யாரும் கைதட்டவில்லை;
மறுபடி அகலக்கூடும், தெரியும்.

மறுநாள் மாலை குழாய் எடுத்ததும்
முதலில் கேட்டது:
"படகு போய்விட்டதா?"
போய்விட்டது என்றேன்.
அழுதான். வறண்ட வாய், கண்ணீர் மட்டும் எங்கிருந்தோ.
மறுபடி சாகத் தோன்றுகிறதா என்று
நேராகவே கேட்டேன்.
"தெரியவில்லை" என்றான்.
அதுவே முதல் உண்மை. அப்படியே குறித்துக்கொண்டேன்.
மனநல டாக்டர் வரும்வரை
நாற்காலியை நினோஸ்கா விடவில்லை.

என் கைப்பையிலும் ஓர் அட்டை உண்டு.
காலையில் ஒன்று, ஆறு வருடமாய்.
அதை வைய எனக்கு மனமில்லை.

வீட்டுக்கு நடந்தேன்.
முனையில் கயிறு
கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது,
எனக்குச் சற்று முன்னே
யாரோ பிடித்த இடம்.