கணினி எண் மூன்று

எங்கள் நூலகத்தில் கணினிகள் நான்கு.
ஒன்று செத்துவிட்டது.
இரண்டாவதில் எண் விசைகள் விழாது.
நான்காவதில் எப்போதும் எல்டன் ஹ்ருபி,
எப்போதும் ஒற்றைக்கு ஒற்றையாய்ச் சீட்டாட்டம்.
ஆகவே மரிசெலா உட்கார்ந்தது மூன்றில்.

இறைச்சி ஆலையின் ரப்பர் பூட்ஸைக்
கதவோரம் கழற்றிவிட்டு
காலுறையோடு வந்திருந்தாள்.
சீட்டு கிழித்துக் கொடுத்தேன்:
அறுபது நிமிடம், ஒரு கடவுச்சொல்,
அச்சுக்குப் பக்கம் பத்து சென்ட்.

கேட்டாள்,
"என் கிணற்றைப் பற்றி
அரசாங்கத்துக்கு என்ன தெரியும்?"

இந்த மேசையில் பதினேழு வருடம்.
வரிப் படிவம் கேட்டிருக்கிறார்கள்,
விவாகரத்துப் படிவம், மீன்பிடி உரிமம்,
செத்துப்போன அண்ணனின் ராணுவப் பதக்கம்.
கிணற்றை யாரும் விசாரித்ததில்லை.

மாநிலத்தின் பக்கம் திறந்தது,
நெப்ராஸ்கா ஜனவரியில் டீசல் லாரி கிளம்புவதைப் போல
இருமி, அணைந்து, மறுபடி இருமி.
வரைபடம் முழுக்கப் புள்ளிகள்.
மாட்டுப் பட்டிக்குக் கிழக்கே
ஊசிமுனை அளவில் அவளுடையது.
அழுத்தினால் கணக்குத் தொடங்கச் சொன்னது.
கணக்குக்கு மின்னஞ்சல்,
மின்னஞ்சலுக்குக் கைபேசி,
கைபேசியோ கணவனோடு டெக்ஸாஸில்.
அதற்குள் முப்பத்தொரு நிமிடம்.

என் எண்ணைக் கொடுத்தேன்.
விதிப்படி கூடாது.
விதியை எழுதியவர்கள்
ஒருநாளும் மூன்றில் உட்கார்ந்ததில்லை.

ஏழு.
ஒன்பது புள்ளி நான்கு.
பதிமூன்று.
பத்தொன்பது.

நான்கு வருடத்து நைட்ரேட்.
கைக்குழந்தைக்குப் பத்தைத் தாண்டக்கூடாதென்று
அடியில், எறும்பு எழுத்தில், ஒரு குறிப்பு.
அதை அவளுக்குப் படித்துச் சொன்னேன்.
எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில்
'கூடாது' மட்டும் சரியாக வந்தது.
பதினோரு மாதமாய்ப் பால்பொடி கரைத்த கை
மவுஸின் மேலேயே இருந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்திருக்கிறார்கள்,
வருடம் தவறாமல், தசமம் பிசகாமல்.
அளந்ததைத்தான்
ஆற்றில் போட்டிருக்கிறார்கள்.

யாரும் எதையும் ஒளிக்கவில்லை.
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்
இணைய இணைப்பு எட்டிய வீட்டிலிருந்து,
ஆங்கிலத்தில்,
ஷிப்ட் இல்லாத நேரத்தில்.

"பக்கத்துப் புள்ளியில் ஷோலாவின் இரட்டையர்கள்" என்றாள்.
"அதற்கும் பக்கத்தில் என் மைத்துனி."
ஒவ்வொன்றாய் அழுத்தினாள்.
அச்சுப்பொறி சூடாகி மணத்தது.
எட்டாவது பக்கத்தில்
திரை தானாகவே மூடிக்கொண்டது:
உங்கள் நேரம் முடிந்தது. நன்றி.
ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு சீட்டுதான்,
என் கையெழுத்திலேயே சுவரில் ஒட்டியிருக்கிறது.

அப்போது எல்டன் எழுந்தார்.
பாதி ஆட்டம், ராணி கவிழ்ந்து கிடக்க,
நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.
"எனக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது."

அந்த மாட்டுப் பட்டி
இரண்டு வருடம் முன்புவரை அவருடையது.
இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது,
வரைபடத்திலும் இல்லை.

தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டி,
திரையைப் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்,
"பட்டிக்கு மேற்கே ஒரு புள்ளி இருக்கும்.
என் வீடு.
உன்னுடையதெல்லாம் முடிந்த பிறகு
அதையும் ஒரு தடவை அழுத்து."

ஆறு மணிக்கு விளக்கணைக்க வேண்டும்.
மணி ஆறே கால்.
பக்கம்
இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.