செல் நாற்பத்தொன்று

எலியின் செல் மூன்று சோதனையிலும் தேறியது.
வௌவாலுடையது இரண்டில்.
மனிதருடையது, நோயாளி ஏழு, செல் நாற்பத்தொன்று,
ஒன்றில் மட்டும்.

பீடோர் கடைவீதி மாடி. இரவு இரண்டு மணி.
துடிப்புகளின் நேரத்தை வெட்டி, சுழற்றி,
ஆயிரம் முறை கலைத்துப் போடுகிறேன்.
கலைத்த பின்னும் அதே மேடு எழுந்தால்
அந்த இடம் வெறும் தற்செயல்.

எலி மூலை விடாமல் ஓடுகிறது.
மனிதர் அப்படியா?
கீழ்வீட்டுத் தவமலருக்குப் பதினாறு வருஷமாக
செம்பனை எடைமேடை, ஒட்டுக்கடை, எடைமேடை.
போகாத மூலைக்கு எந்தச் சோதனை புள்ளி போடும்?

வெளியே லாரி பிரேக் போடுகிறது,
குலையொன்று தார்ச்சாலையில் விழுகிறது.
எந்த வளைவென்று பார்க்காமலே தெரிகிறது எனக்கு.

நாற்பத்தொன்றை அழிக்கவில்லை.
‘தெரியவில்லை’ என்று
புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.