பாதி ஏற்றம்

ஃபராவுஹித்ரா மேட்டில்
தையல்கடை தாண்டி, கல் பாவிய வளைவில்
சரியாக அங்கேதான்
விக்கும்.

ஒரு விக்கல். பிறகு இரண்டு.
பிறகு ரெனோ நாலு தோளைக் குலுக்கிவிட்டு
நின்றேவிடும்.
விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது மெய்யானால்
இதை நினைக்க
வட்டிக்காரனை விட்டால் ஆளில்லை.

பின்னால் லாரி அலறும்.
சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்குவதற்குள்
என் காது இரண்டும் சுட்டுவிடும்.

செவ்வாய்.
ப்ளக் நாலையும் கழற்றினேன். கரி.
உப்புத்தாளில் தேய்த்தேன், ஊதினேன், பூட்டினேன்.
பெட்ரோல் இருக்கிறதா என்று
பாட்டிலைத் திறந்து பார்த்தேன், இருந்தது, மூடினேன்.
சாவியைத் திருப்பியதும் சிங்கம்.
ப்ளக்தான் என்று
அன்றிரவு ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

புதன், அதே வளைவு.
சிகரெட் அட்டையை மடித்து நுழைத்து
பாயின்ட் இடைவெளியைச் சரிபார்த்தேன்.
பாட்டிலைத் திறந்து பார்த்தேன், மூடினேன்.
கிளம்பியது.
அப்படியானால் பாயின்ட்.

பாட்டில் என்றால்,
அந்தனனரிவுவில் எங்கள் டாக்ஸிகளுக்கு
டேங்க் பெயருக்குத்தான்.
கிளட்சுக்குப் பக்கத்தில், காலடியில்,
ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்.
மூடியில் குழாய், குழாய் போய்ச் சேர்வது பம்பில்.
வாங்கியது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு
கண்ணுக்குத் தெரியும்.
இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு
மலையைப் பெட்ரோலாக்கி வருவோம்.

வியாழன், மமித்தியானாவின் பட்டறை.
கார்புரேட்டரைப் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பினான்.
ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தான்.
நான் கம்பியை நீட்ட, முறைத்தான்:
ஓட்டை பெரிசானால் உன் பெட்ரோலை
நீ குடிக்கிற வேகத்தில் அது குடிக்கும்.
மிதவையைக் காதருகே ஆட்டினான்.
உள்ளே சத்தமில்லை. நல்ல மிதவை.
கடைசியில், நீதிபதி மாதிரி,
கண்டென்சர் என்றான்.
பெஹூரிரிக்கா சந்தையில் பன்னிரண்டாயிரம் அரியாரி.
அரிசிக்கு வைத்திருந்தது.

வெள்ளி மாலை. மழை.
நர்ஸ் பாக்குலி முன்சீட்டில் ஏறினாள்,
பகல் ஷிஃப்ட் முடிந்த முகம்,
மடியில் குடை.
தையல்கடை வந்தது.
புதுக் கண்டென்சரோடு விக்கியது.

நான் எஞ்சினைத் திட்டினேன்.
அவள் எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை,
என் காலடியைப் பார்த்தாள்.
இதற்கு ஏன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது?

குனிந்தேன்.
பாட்டில் நாலைந்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி
இரண்டு பக்கமும் உள்ளே போயிருந்தது.
மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ் என்று காற்று உள்ளே ஓடியது.
டப் என்று நிமிர்ந்தது.

சலைன் பாட்டிலில் காற்றுக்கு ஊசி குத்தாவிட்டால்
இதேதான், என்றாள்.
காற்று போனால்தான் சொட்டு வரும்.

திங்கட்கிழமை யாரோ ஒருத்தி மூக்கைப் பொத்தியிருந்தாள்.
அன்றே புது மூடி போட்டேன்,
குழாயைச் சுற்றிச் சோப்பு அப்பினேன்,
ஒரு மணமும் கசியாமல்.
எவ்வளவு சுத்தமான வேலை என்று
என்னையே மெச்சிக்கொண்டேன்.

நாலு நாளும்
குணப்படுத்தியது நான் திறந்து பார்த்த அந்த நொடி.
பெயர் வாங்கியது ப்ளக்கும் பாயின்ட்டும்.

மூடியைச் சுட்டுத் துளைக்க லைட்டரை எடுத்தேன்.
மணிக்கட்டில் ஓர் அடி.
பெட்ரோல், முட்டாளே.
மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தின் ஊக்கைக் கழற்றி
திருகித் திருகி அவளே குத்தினாள்,
நரம்பு தேடுகிறவள் போல நாக்கைக் கடித்தபடி.

மேடு ஏறினோம். வளைவைத் தாண்டியும் ஏறினோம்.
வாசலில் வாடகையில் இரண்டாயிரம் குறைத்துத் தந்தாள்,
வைத்தியக் கூலி என்று.
நான் வாய் திறக்கவில்லை.

கண்டென்சர் எப்படி? என்று மமித்தியானா கேட்டான்.
அற்புதம் என்றேன்.

சனிக்கிழமை காலை தொப்பி வைத்த ஒருவர் ஏறி
மூக்கைச் சுளித்தார்.
வண்டி மூச்சு விடுகிறது, ஐயா.
கண்ணாடியைத் தள்ளிக்கொள்ளுங்கள்.