பதினேழாம் கட்டம்

விண்ணப்பத்தில் பதினாறு கட்டம் வரை
எல்லாரும் மளமளவென்று எழுதிவிடுகிறார்கள்.
பெயர், பதிவெண், கேட்கும் தொகை,
கணக்காய்வாளர் கையெழுத்து.
பதினேழில்தான் பேனா நிற்கும்:
இந்தப் பணம் வராமல் போனால்
என்ன நடந்திருக்கும்?

அதைப் படிவத்தில் சேர்த்தவள் நான்தான்.
தஞ்சோங் பகாரில், பதினான்காம் மாடியில்,
ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

இன்று மேசைக்கு வந்திருப்பது கேலாங்கிலிருந்து.
டுரியான் கடைக்கு மேலே இரண்டு அறை.
சனிக்கிழமை தோறும், ஆறு மாதம்,
நல்ல சம்பளத்தில் அலுத்துப்போனவர்களை உட்காரவைத்து
மீதமுள்ள முப்பது வருஷ உழைப்பை
எந்தக் கரையில் இறக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.
நடத்துபவர் ரொஹைஸாத்.
கேட்பது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வெள்ளி.
அதில் தனி வரியாக:
மின்விசிறி, ஒன்று, நாற்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

போன வருஷம் சேர்ந்தவர்கள் முப்பத்தொருவர்.
வேலை மாறியவர்கள் நால்வர்.
அதே செலவென்று வைத்து வகுத்தால்
தலைக்கு ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு.
வாரியத்தில் திரு குவா இதைத்தான் கேட்பார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
தப்பில்லை.
அந்தப் பணத்தில் எத்தனையோ கண்களில் புரை நீக்கலாம்.

நால்வரில் ஒருத்தி பூவரசி நாகப்பன்.
பாசிர் பாஞ்சாங்கில் குளிர்கொள்கலன்களுக்குப் பொறியாளர்.
நார்வே மீனும் சிலி திராட்சையும்
கெடாமல் பார்த்துக்கொண்டிருந்தவள்
இப்போது சும்பாத் தீவில்
தடுப்பூசி கெடாமல் பார்த்துக்கொள்கிறாள்.
சம்பளம் மூன்றில் ஒரு பங்கு. மசேநி நின்றுவிட்டது.
அம்மா இரண்டு மாதம் பேசவில்லை.
சேர்ந்து வீவக வீட்டுக்கு மனுப் போட்டிருந்தவன்
அப்புறம் பேசவே இல்லை.
அவளிடமும் பதினேழைக் கேட்டிருக்கிறார்கள்.
பதில் இணைப்பு மூன்றில்:
‘எப்படியும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.
ஒரு வருஷம் பிந்தியிருக்கும்.’

ஒரு வருஷம்.
என் அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.
அங்கே அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கு
அது முதல் வருஷம்.

மற்ற இருபத்தேழு பேருக்குப் பெயரில்லை, எண்தான்.
மாற்றமில்லை. மாற்றமில்லை.
போய்ப் பார்த்துத் திரும்பிவிட்டார், வங்கிக்கே.
மாற்றமில்லை.
பத்தொன்பது: மாற்றமில்லை.

பத்தொன்பது நான்.

அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல் போனேன்.
அடுத்தவர் செய்யக் காசோலை எழுதியது போதும்,
நானே ஏதாவது செய்கிறேன் என்று.
வியர்வையும் டுரியான் வாடையும் ஒட்டிய சட்டையோடு
இருபத்து நான்கு சனிக்கிழமை வீடு திரும்பினேன்.
எங்கும் போகவில்லை. துணிச்சல் போதவில்லை,
அல்லது வீட்டுக்கடன், அல்லது இரண்டும்.
கடைசி வகுப்பு முடிந்து மூன்றாம் நாள்
செவ்வாய்க்கிழமை.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார் ரொஹைஸாத்?
அவருக்கே தெரியாது.

கூட்டம் தொடங்கியதும் சொல்லிவிட்டேன்:
நான் அங்கே படித்தவள், இதில் வாக்களிக்கக் கூடாது.
ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.
யாரும் நிமிர்ந்து பார்க்காதது
கொஞ்சம் வலித்தது.

வெளியே சிற்றுண்டி அறையில்
எதற்கென்று தெரியாமல் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
யாருடைய தவுக்குவாவோ, பாதி எலுமிச்சை.
விளக்கு எரிந்தது. மூடினேன்.
மூடியபின் அணைந்ததா என்று பார்க்கத்
திரும்பவும் திறந்தேன்.
எரிந்தது. திறந்தால் எரியத்தானே செய்யும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிறது.
திரு குவாவின் குரல்:
‘இரண்டு அறைக்கு ஒரு மின்விசிறி போதுமா?’

போதாது.
எனக்குத் தெரியும்.
சொல்லக் கூடாத இடத்தில் நிற்கிறேன்.