கிடைத்த இடம்

மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை
முப்பத்தொரு மில்லிமீற்றர்.
வால் அதைவிடச் சற்று நீளம்,
நுனி மட்டும் பிறகு முளைத்தது:
எதனிடமோ ஒருமுறை விட்டுவிட்டுத் தப்பியிருக்கிறது.
இடது பின்கால், நான்காம் விரல்,
அடித்தகடுகள் பதினேழு.
மூன்று தரம் எண்ணினேன்.
மூன்றாம் தரம் பதினெட்டு வந்தது.
நான்காம் தரமும் எண்ணிப்
பதினேழென்றே எழுதினேன்.

நிறம் எழுதுவதுதான் கடினம்.
உயிரோடிருந்தபோது
ஈரக்கல்லில் பனங்கட்டி கரைந்து வழிந்த மாதிரி.
எதனோலில் இரண்டு நாள் கிடந்தபின்
பழைய பற்றுச்சீட்டின் நிறம்.
கட்டுரைக்கு இரண்டும் வேண்டும்,
இரண்டு உபதலைப்பில்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி
கழுநீர்ப் பானைக்குள் விழுமாம்.
இது விழவில்லை.
நான் பிடித்தேன்.

இமை இல்லை.
தூசு பட்டால் நாக்கால் கண்ணைத் துடைக்கும்.
டோர்ச் வெளிச்சத்தில் கண்மணி
ஒரு செங்குத்துக் கீறலாய்ச் சுருங்கியது.
அந்தக் கீறலுக்குள்
நான் எவ்வளவு பெரிதாய்த் தெரிந்திருப்பேன்
என்பதற்கு அட்டவணையில் நிரல் இல்லை.

குகையென்றால் மலை வேண்டுமென்று நினைப்பவர்கள்
இங்கே வரவேண்டும்.
எங்களுக்கு உயரமென்று இருப்பது
கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான்.
மாவிட்டபுரத்துக்கு வடக்கே
புகையிலைக் கன்றுகளுக்கு நடுவே
நிலம் வாய் திறக்கும்.
ஆலம்வேரைப் பிடித்து இறங்கினால்
முதலில் வௌவால் நாற்றம்,
பிறகு குளிர்,
பிறகு, கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற,
உப்புமில்லாத நன்னீருமில்லாத
ஒரு தண்ணீர்.

காணி குணரூபனுடையது.
இருபத்தேழு வருடம் முட்கம்பிக்குள் கிடந்து
விடுபட்ட மூன்று பரப்பு.
லொறி ஓடுகிறார்.
கல் அகழக் கேட்டு இரண்டு தரம் ஆட்கள் வந்தார்களாம்,
இன்னும் ஓமென்று சொல்லவில்லை,
இல்லையென்றும் சொல்லவில்லை.
போத்தலை வாங்கி வெயிலுக்குப் பிடித்தார்.
"இதுவோ புதுசு?"

அவருக்கு அப்போது எட்டு வயது.
செல் விழத் தொடங்கிய ஆனி மாதம்
ஒன்பது குடும்பம் இதற்குள் இறங்கியது.
பதினொரு நாள்.
குழந்தை அழுதால் வாயைப் பொத்திய இருட்டில்
சுவர் மட்டும் சத்தம் போட்டது.
யாராவது சொல்லுவார்கள், நாளைக்கு நின்றுவிடும்.
இச், இச்.
உடனே எல்லாரும் விரல்முட்டியால்
நிலத்தில் தட்டுவார்கள்.
பல்லி சொல்லிவிட்டது, உண்மைதான்.
"ஒருநாளும் நிக்கேல்லை," என்றார்.
"தட்டுறதையும் நாங்கள் விடேல்லை."

உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டேன்.
வாய்விட்டுச் சிரித்தார்.
"முதல்ல காணி உறுதியில என்ர பேர் வரட்டும்."

ஆய்வுகூடம், இரவு பத்தரை.
'இதுவரை எவரும் அறியாத' என்று தட்டினேன்.
ரியூப்லைற்றுக்கு மேலே
எங்கள் வழமையான வீட்டுப்பல்லி
பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வெட்கமில்லாமல்.
பிறகு அந்த மூன்று சொல்லையும் அழித்து
'இதுவரை விவரிக்கப்படாத' என்று போட்டேன்.

திகதி. சேகரித்தவர்.
குரல்: பலமுறை கேட்கப்பட்டது, பதிவு இல்லை.
கிடைத்த இடம்.

அகலாங்கு நெட்டாங்கு முழுதாய்க் கொடுத்தால்
பிடித்து விற்பவனும் வருவான்,
கல்லுடைப்பவன் ஏற்கெனவே வந்துவிட்டான்.
கொடுக்காமல் விட்டால்
காப்பாற்ற வரும் சட்டம்
எந்தப் புல்லைப் பிடித்து நிற்கும்?

தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வைத்து
மிச்சத்தை அழித்தேன்.
வரைபடத்தில்
ஒரு கிலோமீற்றர் அளவு மங்கல்.
அதற்குள் அவருடைய புகையிலை,
கைவிட்ட காவலரண் ஒன்று, இரண்டு கோயில்,
ஓமென்று சொல்லாத ஒரு லொறி,
நான் எண்ணாத மற்றப் பல்லிகள்.