இரவல் பேடை

ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தின் பிரேக்
காசு கொடுக்காமல் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பான்.
மிசௌரிக் குன்றுகளில், ஓடை வளைவில்
நான் அதை மிதிக்கும்போதெல்லாம்
ஓக் மர உச்சியிலிருந்து ஒரு வான்கோழிச் சேவல்
கொளகொளவென்று வெடிக்கும்.
பின்னிருக்கைப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.
காதல் இல்லை அது, வெறும் திடுக்கிடல்.
ஆந்தைக்கும் அப்படித்தான், இடிக்கும் அப்படித்தான்,
யாரோ அறைந்து சாத்தும் கார்க் கதவுக்கும்.
எங்கே உறங்குகிறது என்பதைச் சொல்லிவிடும்.
இறங்கி வருமா என்பது வேறு பேச்சு.

அதற்குத்தான் வெஸ்டர் டில்லார்டின் கடைக்குப் போனேன்,
பேருந்துச் சாவி இடுப்பில் குலுங்க.
ஆணிக்கும் எலிப்பொறிக்கும் நடுவே
கண்ணாடிக்குள் பதினோரு குரல்கள்:
மூடியை உரசினால் பேசும் மரப்பெட்டிகள்,
குச்சியால் சுரண்ட வேண்டிய சிலேட்டு வட்டுகள்,
மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் இதழ்கள்.
மேப்பிள் பெட்டி ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவில் சேரலாம்,
அவ்வளவு சுத்தம்.
செடார் பெட்டியோ இருமலில் தொடங்கி
நடுவில் உடைந்து
கேட்டதையே மறுபடி கேட்டது.
கல்லாவுக்கு அடியில் தூங்கிய நாய்
அதற்கு மட்டும் தலை தூக்கியது.
முப்பத்தெட்டு டாலர். நாயின் தீர்ப்பை வாங்கிக்கொண்டேன்.
"வாயில் வைக்கிறது வேண்டாமா, கை சும்மா இருக்குமே?"
புதுப் பல்செட்டைக் கழற்றிக் காட்டினேன்.
வெஸ்டர் பில் போடப் போய்விட்டார்.

சனிக்கிழமை. தூறல்.
நனைந்தால் பெட்டி ஊமை; சுண்ணப்பொடி கரைந்துவிடும்.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைக்குள் அதைப் போட்டு
பைக்குள் கைவிட்டு உரசினேன்,
யாருக்கும் தெரியாமல் எதையோ தின்பவளைப்போல.

காட்டின் வழக்கம் இது: சேவல் கூவும், பேடை நடந்து போகும்.
நான் கேட்பதோ தலைகீழ்:
துரையே, நீ இறங்கி வா.
அதனால் கஞ்சத்தனம் வேண்டும்.
மூன்று உரசல். பிறகு கை மடியில்.
வாய் ஓயாமல் கூப்பிடுகிறவளுக்காக
எந்தச் சேவலும் ஓடை தாண்டாது;
இவளே வரட்டுமென்று தோகை விரித்து நின்றுவிடும்.

நின்றது.
அப்போதுதான் அக்கரையில் இன்னொரு பேடை.

அழகான குரல். என்னுடையதைவிட இளமை.
நான் மூன்று சொன்னால் அது ஐந்து சொன்னது.
பொறாமையில் நான் ஏழு.
இருபது நிமிடம் வசை பாடிக்கொண்டோம்,
நடுவில் சேவல் மூச்சு விடவில்லை.
பிறகுதான் அந்த ஐந்தை எண்ணிப் பார்த்தேன்.
ஒரே இடைவெளி, ஒரே அழுத்தம், ஒவ்வொரு முறையும்.
எந்தப் பறவையும் அப்படி ஆணி அடிக்காது.
கூரை வேலைக்காரன் அடிப்பான்.

ஹோலிஸ் பிரேட்டர்.
என் மாஜிக் கணவனின் தம்பி.
படகு யாருடையது என்ற வழக்கில்
என்னைப் பார்க்காமலே சாட்சி சொன்னவன்.
இப்போது அவன் துப்பாக்கியும் என் துப்பாக்கியும்
இல்லாத இரண்டு பெண்களை நோக்கி
ஒரே புதரின் இருபுறம்.

பெட்டியை இறக்கினேன். அசையவில்லை, கையும் ஆட்டவில்லை;
அசைகிறதைத்தான் சுடுவார்கள்.
"ஹோலிஸ்! நான் ரொவீனா! மனுஷி!"
காலையிலிருந்து அந்தக் காட்டில்
எங்கள் இருவரிடமிருந்தும் வந்த முதல் உண்மை.
இரண்டு வருடத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தையும்.

இலைகளில் தூறல் மட்டும்.
பிறகு அக்கரையிலிருந்து,
"செடார் பெட்டிதானே?"

பதில் சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் ஒரு நிஜப் பேடை,
தொண்டை கட்டிய, சுருதியே இல்லாத பேடை,
எங்களுக்கு நடுவே ஓடைக்கல் ஏறிப் போனது.
அதன் பின்னால், சிவந்த தலையைத் தாழ்த்தி,
கூவாமல், கொள்ளாமல்,
அவன்.

சுட்டிருக்கலாம்.
இரண்டு பேருமே கேட்டுக்கொண்டிருந்தோம்.